லாசாவுக்குப் போகாமலே திபெத்தியக் கிராமத்தில் தங்குவது எப்படி: மேற்குச் சிச்சுவான் வழிகாட்டி

திபெத்தியக் கிராமம் என்றதும் எல்லோரும் லாசாவைத்தான் தேடுகிறார்கள். தேடியதும் வந்து நிற்பது தனி அனுமதிச் சீட்டு, கட்டாய வழிகாட்டி, ஏஜென்சி வண்டி, மாதக்கணக்கில் காத்திருப்பு. தனியாகப் போய் ஒரு கிராமத்து வீட்டில் நான்கு நாள் உட்கார்ந்திருக்க அங்கே வெளிநாட்டவருக்கு வழியே இல்லை.

ஆனால் திபெத்தியர்கள் எல்லோரும் திபெத் தன்னாட்சிப் பகுதிக்குள் மட்டும் வாழவில்லை. சிச்சுவான் மாகாணத்தின் மேற்கு மலைகளில் கான்ஸி, ஆபா என்று இரண்டு வட்டாரங்கள் இருக்கின்றன. சிங்ஹாய், கான்சு, யுன்னான் மாகாணங்களிலும் அவர்கள் வாழும் பகுதிகள் உண்டு. அங்கெல்லாம் திபெத் அனுமதிச் சீட்டு கேட்பதில்லை. சாதாரணச் சீனச் சுற்றுலா விசா போதும். பேருந்தில் போகலாம், பங்கு வண்டியில் போகலாம், பிடித்த வீட்டில் தங்கலாம். இந்தக் கட்டுரை கான்ஸியின் கிழக்கு ஓரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. செங்டு நகரிலிருந்து டான்பா, அங்கிருந்து காங்டிங், பிறகு டாகோங். முதல்முறை போகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான பாதை கிடையாது.

1. எந்தக் கிராமம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

டான்பா மாவட்டத்தில் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்: ஜியாஜு, ஜோங்லு, சுவோபோ. மூன்றுமே ஜியாரோங் திபெத்தியர்களின் ஊர்கள். மூன்றையும் ஒரே நாளில் 'பார்த்து முடிக்க' வண்டிக்காரர்கள் கூப்பிடுவார்கள். போகாதீர்கள்.

ஜியாஜு நகரத்திலிருந்து சுமார் 8 கிலோமீட்டர். படங்களில் நீங்கள் பார்க்கும் வெள்ளை வீடுகள் பெரும்பாலும் இதுதான். நுழைவுச் சீட்டு சுமார் 50 யுவான். பாதை போட்டு, பார்வை மேடை கட்டி, வீட்டுக்கு வீடு விடுதிப் பலகை மாட்டியாகிவிட்டது. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் மாலை ஐந்து மணிக்குச் சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிய பிறகுதான் ஊர் ஊராகிறது.

ஜோங்லுதான் தங்குவதற்கு. வீடுகள் தள்ளித் தள்ளி, நடுவில் சோளமும் ஆப்பிளும் பேரியும். வயல் நடுவே பழைய கற்கோபுரங்கள் நிற்கும். வரப்பில் நடந்தே ஒரு நாளைக் கழிக்கலாம். குறைந்தது இரண்டு இரவு வையுங்கள்.

சுவோபோ கோபுரங்களுக்காக. நான்கு மூலைக் கோபுரங்கள்தான் அதிகம், ஐந்து, எட்டு மூலையும் உண்டு. பதின்மூன்று மூலைக் கோபுரம் ஒன்று மேட்டில் நிற்கிறது. காலையில் போய் மாலையில் திரும்பலாம்.

டாகோங் வேறு உலகம். சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் புல்வெளி, மடம், யாக் மந்தை, குதிரைக்காரர்கள். மரமே கண்ணில் படாது. அதை ஏன் கடைசியில் வைக்க வேண்டும் என்பதை 5-ஆம் படியில் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: செர்தாவில் உள்ள லாருங் கார், பையுவில் உள்ள யார்சென் கார் ஆகிய பெரிய மடக்குடியிருப்புகளின் படங்களைப் பார்த்து அங்கே போகத் திட்டமிடாதீர்கள். பல ஆண்டுகளாக வெளிநாட்டவருக்கு அங்கே அனுமதி இல்லை. சோதனைச் சாவடியில் இறக்கிவிட்டு, வந்த வழியே அனுப்பிவிடுவார்கள். பத்து மணி நேர வண்டிக்கூலி வீண்.

2. மாதம் தேர்வு

மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை டான்பாவில் பேரிப்பூ. அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை இலையுதிர் நிறம், கூரையெல்லாம் காயும் சோளம். இரண்டில் ஒன்றைத்தான் கேட்பீர்கள் என்றால் இரண்டாவது. வானம் தெளிவாக இருக்கும், சாலையும் நம்பகமாக இருக்கும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை டாகோங் புல்வெளி பச்சை, பூ. ஆனால் அங்கே போகும் பள்ளத்தாக்குச் சாலைகளில் மண்சரிவு. 2020 ஜூன் 17 அன்று டான்பாவில் மலையோடை உடைத்துக்கொண்டு வந்ததில் ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் போவதென்றால் திட்டத்தில் இரண்டு நாள் உபரி இல்லாமல் போகாதீர்கள்.

அக்டோபர் 1 முதல் 7 வரையும், மே 1 முதல் 5 வரையும் சீனாவே சாலையில் இருக்கும். அறை வாடகை இரண்டு, மூன்று மடங்கு. காங்டிங்கிலிருந்து டாகோங் போகும் வழியில் உள்ள செடுவோ கணவாயில் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். சீனப் புத்தாண்டு வாரத்தில் வண்டியே கிடைக்காது.

மார்ச் மாதம் திபெத்தியப் பகுதிகளில் கெடுபிடி கூடும் மாதம். தன்னாட்சிப் பகுதியை வெளிநாட்டவருக்கு மூடுவதும் வழக்கமாக அப்போதுதான். சிச்சுவான் பக்கமும் திடீரென்று ஒரு மாவட்டம் மூடப்படலாம். பூ பார்க்க மார்ச்சில் போகிறவர்கள் கிளம்புவதற்கு முந்தைய வாரம் செங்டு விடுதி ஒன்றில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

3. விசாவும் காகிதங்களும்

இந்தியக் கடவுச்சீட்டுக்குச் சுற்றுலா விசா வேண்டும். சென்னையில் சீனத் துணைத் தூதரகம் கிடையாது. டெல்லி, மும்பை, கொல்கத்தா மையங்களில் உங்கள் முகவரிக்கு எது பொருந்தும் என்பதை விசா மையத்தின் தளத்தில் பார்த்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள். பயணத்துக்கு ஆறு வாரம் முன்பு ஆரம்பித்தால் நிதானமாக முடியும்.

சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமலே போகலாம். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். 'விசா இல்லாத 240 மணி நேர இடைநிறுத்தச் சலுகை இருக்கிறதே' என்று யாராவது சொன்னால், அந்தப் பட்டியலில் இந்தியாவும் இலங்கையும் இல்லை.

கையில் வைத்திருக்க வேண்டியவை: ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு (இரண்டு பக்கம் காலியாக), 33 × 48 மில்லிமீட்டர் அளவில் வெள்ளைப் பின்னணிப் படம், போக வர விமானப் பதிவு, எல்லா இரவுக்கும் தங்குமிடப் பதிவு, ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, வேலைச் சான்று அல்லது வருமான வரிப் படிவம், நாள்வாரியான பயணத் திட்டம். படம் நம் ஸ்டூடியோ வழக்கமான பாஸ்போர்ட் அளவு அல்ல. மில்லிமீட்டர் கணக்கை எழுதிக் கொடுத்து எடுங்கள், காது இரண்டும் தெரிய வேண்டும்.

சிக்கிக்கொள்ளும் இடங்கள் இரண்டு.

முதலாவது பெயர். நம்மில் பலருக்குக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்ப் பகுதி காலி. இன்னும் சிலருக்கு அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். விசா படிவத்தில் ஒரு மாதிரி, விமானச் சீட்டில் ஒரு மாதிரி, அலிபே என்ற சீனப் பணச் செயலியில் ஒரு மாதிரி என்று போட்டால் ஏதாவது ஒன்று மாட்டிக்கொள்ளும். கடவுச்சீட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இயந்திர எழுத்து இருக்கிறதே, அதில் உள்ள வரிசையையே எல்லா இடத்திலும் பின்பற்றுங்கள். இனிஷியலை நீங்களாக விரிக்காதீர்கள், நீங்களாகச் சுருக்கவும் வேண்டாம்.

இரண்டாவது 'திபெத்' என்ற சொல். விசா அலுவலருக்கு அந்தச் சொல் தன்னாட்சிப் பகுதியைக் குறிக்கும். அதைத் திட்டத்தில் பார்த்ததும் அதற்கான அனுமதி எங்கே என்றுதான் கேட்பார். நீங்கள் போவது சிச்சுவான் மாகாணம். எனவே தூங்கப்போகும் ஊர்களை உள்ளபடி எழுதுங்கள்: செங்டு, டான்பா மாவட்டம், காங்டிங் நகரம். பொத்தாம்பொதுவாகத் 'திபெத் பயணம்' என்று எழுதினால் இல்லாத கேள்வியை நீங்களே வரவழைத்துக்கொள்கிறீர்கள்.

கிராம விடுதிகள் பலவும் ஆங்கிலப் பதிவுத் தளங்களில் இருக்காது. ஆகவே டான்பா நகரத்திலும் காங்டிங்கிலும் இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறைகளை எடுத்துத் திட்டத்தில் காட்டுங்கள். அங்கே போனபின் கிராம வீடு அமைந்தால் நகரத்து இரவுகளை ரத்து செய்துகொள்ளலாம்.

காப்பீடு எடுக்கும்போது எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். மலைப்பயணத்தை விலக்கும் பாலிசிகள் உண்டு. நீங்கள் கடக்கும் மிக உயரமான இடம் 4,298 மீட்டர்.

4. பணமும் ஃபோனும்: ஊரிலேயே முடிக்க வேண்டியவை

இந்தப் படியை விமான நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள்தான் அதிகம் அல்லாடுகிறார்கள்.

சீனாவில் பூக்கடை வரை க்யூ.ஆர். குறியீடுதான். அலிபே செயலியை இறக்கி, கடவுச்சீட்டைப் படமெடுத்துச் சரிபார்ப்பை முடித்து, விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணையுங்கள். இணைக்கும்போது உங்கள் இந்திய எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். சீனாவில் இறங்கியபின் ரோமிங் வேலை செய்யாவிட்டால் அந்த ஓ.டி.பி. வராது, கையில் அட்டை இருந்தும் தண்ணீர் வாங்க முடியாது. அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் இயக்கியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். இந்திய அட்டைகள் உள்நாட்டுக்கு மட்டும் திறந்த நிலையில்தான் வருகின்றன. வீசாட் பேயையும் இதே மாதிரி தயாராக வையுங்கள், ஒன்று மக்கர் செய்தால் மற்றொன்று.

வெளிநாட்டு அட்டையில் 200 யுவானுக்கு மேற்பட்ட ஒரு பரிவர்த்தனைக்கு 3 சதவீதக் கட்டணம் பிடிப்பார்கள். அதற்குக் கீழே கட்டணமில்லை.

இன்னொரு கண்ணி: கடைக்காரரின் குறியீடு வேறு, தனிமனிதருக்குப் பணம் அனுப்புவது வேறு. வெளிநாட்டு அட்டை இணைத்த கணக்கிலிருந்து இரண்டாவது நடக்காது. பங்கு வண்டி ஓட்டுநரும் கிராமத்து வீட்டு அம்மாவும் காட்டுவது பெரும்பாலும் அவர்களின் சொந்தக் கணக்கைத்தான். எனவே ரொக்கம் வேண்டும். செங்டுவில் ஏ.டி.எம்.மில் 2,000 யுவான் எடுத்து, விடுதியில் 10, 20, 50 தாள்களாக மாற்றிக்கொள்ளுங்கள். கிராமத்தில் நூறு யுவான் தாளுக்குச் சில்லறை கிடைப்பது நம்மூர் பேருந்தில் ஐநூறு ரூபாய் நீட்டுவது மாதிரி.

கூகுள், வாட்ஸ்அப் இரண்டும் அங்குள்ள வைஃபையில் திறக்காது. உங்கள் ஊர் சிம்மின் ரோமிங்கோ, வெளிநாட்டு நிறுவனத்தின் இ-சிம்மோ இருந்தால் திறக்கும், ஏனென்றால் அந்தத் தரவு சீனாவுக்கு வெளியே சுற்றித்தான் வருகிறது. வரைபடத்துக்கு ஆமாப் (Amap) செயலி. மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழித் தொகுப்பை இணையமின்றி இயங்கும்படி முன்பே இறக்கி வையுங்கள். போகும் ஒவ்வொரு ஊரின் பெயரையும் சீன எழுத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள். 'டான்பா' என்று நாம் உச்சரிப்பது ஓட்டுநர் காதில் ஏறாது, எழுத்தைக் காட்டினால் தலையாட்டுவார்.

பவர் பேங்க் வைத்திருப்பவர்கள்: 2025 ஜூன் 28 முதல் சீனாவின் உள்நாட்டு விமானங்களில் '3சி' என்ற சீனத் தரச்சான்று முத்திரை இல்லாத பவர் பேங்குக்கு அனுமதியில்லை. குவாங்ஜோவில் இறங்கி உள்நாட்டு விமானம் மாறுவதென்றால் நம்மூரில் வாங்கியதைப் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் வழியாக நேரே செங்டுவில் இறங்குவது இந்த ஒரு காரணத்துக்கே நல்லது.

5. உயரத்தை ஏணி மாதிரி ஏறுங்கள்

செங்டு கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர். டான்பா நகரம் 1,900-க்கு அருகில். ஜோங்லு 2,000-ஐச் சற்றே தாண்டும். காங்டிங் 2,500. காங்டிங்குக்கும் டாகோங்குக்கும் இடையே உள்ள ஷின்டுசியாவ் 3,400-க்குப் பக்கம். டாகோங் 3,700.

இந்த வரிசையிலேயே தூங்கினால் உடம்பு பழகிக்கொள்ளும். பெரும்பாலானோர் செய்வது டான்பாவிலிருந்து பாமெய் வழியாக ஒரே நாளில் டாகோங். சாலை குறுக்குவழிதான். ஆனால் தூங்கும் உயரம் ஒரே தாவலில் 1,800 மீட்டர் கூடுகிறது. இரவு பதினொரு மணிக்குத் தலைவலி தொடங்கும், மூன்று மணிக்கு வாந்தி. 3,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் ஏற வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அதற்காகத்தான் டான்பாவிலிருந்து காங்டிங்குக்குச் சுற்றிப் போகச் சொல்கிறேன். சில நாள் கூடுதல் செலவு, அவ்வளவே.

காங்டிங் விமான நிலையம் 4,280 மீட்டரில் இருக்கிறது. செங்டுவிலிருந்து விமானத்தில் போய் அங்கே இறங்குவது புத்திசாலித்தனம் மாதிரித் தெரியும். வேண்டாம்.

அசிடசோலமைடு மாத்திரை, அதாவது நம் மருந்துக்கடையில் டயமாக்ஸ் என்று கிடைப்பது, வேண்டுமா, எந்த அளவு என்று ஊரிலேயே மருத்துவரைக் கேளுங்கள். சல்பா மருந்து ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அது சிறுநீரைக் கூட்டும், விரல் நுனி மரத்துப்போகும். இரண்டும் எதிர்பார்க்க வேண்டியவைதான். கடைகளில் விற்கும் ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களுக்குத்தான் வரும், அதை நம்பி மேலே போகாதீர்கள்.

தலைவலி மட்டும் என்றால் அதே இடத்தில் ஓய்வு. நேராக நடக்க முடியாமல் தள்ளாட்டம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, நுரையோடு இருமல், பேச்சில் குழப்பம், இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே இறங்க வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது: டாகோங்கிலிருந்து காங்டிங்குக்கு இறங்கும் சாலை முதலில் 4,298 மீட்டர் செடுவோ கணவாயில் ஏறித்தான் இறங்கும். அந்த வழியில் நோயாளி இன்னும் மேலே போய்த்தான் கீழே வர முடியும். 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று ராத்திரியைக் கடத்தாமல், வெளிச்சம் இருக்கும்போதே முடிவெடுங்கள்.

6. செங்டுவிலிருந்து டான்பா

செங்டுவில் இரண்டு விமான நிலையங்கள். ஷுவாங்லியு நகரத்துக்கு அருகில், தியான்ஃபு சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி. சீட்டில் எது என்று பார்த்துவிட்டு முதல் இரவு அறையை எடுங்கள். டான்பா வண்டிகள் வழக்கமாக நகரின் வடமேற்கில் உள்ள சாதியன்ஸி பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பும், மெட்ரோ 2-ஆம் தடம். காங்டிங் வண்டிகள் ஷின்னான்மென் நிலையம். பேருந்து நிலையங்களில் மாற்றம் அடிக்கடி நடக்கிறது, முதல் நாள் மாலையே போய்ச் சீட்டு எடுத்தால் நிலையமும் உறுதியாகும். சீட்டு எடுக்கவும் ஏறவும் கடவுச்சீட்டு அசல் வேண்டும், நகல் செல்லாது.

வண்டி காலையில்தான். தவறவிட்டால் அன்று பெரும்பாலும் பங்கு வண்டிதான் கதி. கட்டணம் சுமார் 150 யுவான், பயணம் ஏழு, எட்டு மணி நேரம். வழியில் பாலாங் மலைச் சுரங்கத்தில் சாலை சுமார் 3,800 மீட்டரைத் தொடும். பையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் உயரம் புரியும். திறந்த ஷாம்பூ பாட்டிலை அதற்கு முன்பே பாலித்தீனில் கட்டியிருக்க வேண்டும். உடனே கீழே இறங்கிவிடுவதால் இந்த உயரம் உடம்பைத் தொந்தரவு செய்வதில்லை. முன்னிருக்கை கேளுங்கள், வளைவுகள் அதிகம்.

டான்பாவில் இறங்கியதும் சூழ்ந்துகொள்ளும் வேன்காரர்கள் ஓட்டுவது 'மியான்பாவ் சே', அதாவது ரொட்டி வண்டி. ரொட்டித் துண்டு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். பங்காகப் போனால் 'பின் சே', முழு வண்டி என்றால் 'பாவ் சே'. இந்த இரண்டு சொல்லையும் பிசகாமல் சொல்லுங்கள். பின் சே என்று நினைத்து ஏறி, இறங்கும்போது முழு வண்டிக் கூலி கேட்கப்படுவது இங்கே தினசரிச் சண்டை. ஏறுமுன் ஃபோனில் தொகையைத் தட்டிக் காட்டி, 'ஒருவருக்கா, வண்டிக்கா' என்று விரலால் கேட்டுவிடுங்கள். ஜோங்லுவுக்கு முழு வண்டி 60 முதல் 80 யுவான் வரை நியாயம்.

7. வீடு பிடிப்பதும் போலீஸ் பதிவும்

சீனாவில் வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிவாக வேண்டும். நகரத்து விடுதியில் வரவேற்பறையில் கடவுச்சீட்டை வாங்கி அவர்களே செய்துவிடுவார்கள். கிராமத்து வீட்டில் அது நீங்கள் கேட்டால்தான் நடக்கும். 'ஜூஸூ டங்ஜி' என்றால் தங்குமிடப் பதிவு. வீட்டுக்காரர் கடவுச்சீட்டின் முதல் பக்கம், விசா, நுழைவு முத்திரை மூன்றையும் படமெடுத்து அனுப்புவார். தெரியாது என்று விழித்தால் அவரையும் கூட்டிக்கொண்டு 'பாய்ச்சூஸுவோ', அதாவது காவல் நிலையம் போய்விடுங்கள். விட்டுவிட்டால் அபராதம் உங்களோடு நிற்காது, இடம் கொடுத்தவர் தலையிலும் விழும்.

வெளிநாட்டவரை ஏற்க முடியாது என்று விடுதிகள் மறுக்கக்கூடாது என்று 2024-இல் மத்திய அரசே சொல்லியிருக்கிறது. ஆனாலும் மறுப்பவர்கள் இருக்கிறார்கள், பதிவு செய்யத் தெரியாத பயம்தான் காரணம். வாதாடி ஜெயிப்பதைவிட அடுத்த வீட்டைத் தட்டுவது சீக்கிரம் முடியும்.

இருவர் அறை 150 முதல் 250 யுவான் வரை. பூக்காலத்தில் கூடும். பேசும்போது மூன்று கேள்வி: சாப்பாடு சேர்த்தா, கழிப்பறை அறைக்குள்ளா, மின்மெத்தை உண்டா. மூன்றாவதைச் சிரிக்காமல் கேளுங்கள், நவம்பர் இரவில் அதுதான் உங்களைக் காப்பாற்றும்.

8. வீட்டுக்குள் எப்படி நடந்துகொள்வது

ஜியாரோங் வீடு மூன்று, நான்கு அடுக்குக் கல்வீடு. பழைய வீட்டில் கீழே மாடும் பன்றியும், அதற்கு மேல் அடுப்பும் சமையலும், அதற்கும் மேல் தானியம், உச்சியில் பூசை அறை. மொட்டைமாடியின் நான்கு மூலையும் கொம்பு மாதிரி கூம்பி நிற்கும், நுனியில் வெள்ளைக் கல். மாடிக்கு ஏற ஒற்றை மரத்தில் படி செதுக்கிய ஏணி இருக்கும். அது பாதி காலுக்குத்தான் இடம் கொடுக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் முகம் ஏணியைப் பார்க்கட்டும், ஈரமாக இருந்தால் தொடாதீர்கள்.

அடுப்பு சுத்தமான இடம். காகிதம், சிகரெட் துண்டு, தின்ற எலும்பு எதையும் அதில் போடக்கூடாது, அதைத் தாண்டவும் கூடாது. பூசை அறை வாசற்படியை மிதிக்காமல் தாண்டுங்கள். காலை நீட்டி உட்காரும்போது பாதம் பூசை மாடத்தின் பக்கம் இருக்கக்கூடாது. இதெல்லாம் நமக்குப் பாட்டி சொன்னதுதான், புதிதாகப் படிக்க வேண்டியதில்லை.

வெண்ணெய்த் தேநீர் உப்பாக இருக்கும். ஒரு வாய் குடித்தால் உடனே நிரப்புவார்கள், அது முறை. போதும் என்றால் கிண்ணத்தை நிறைந்தபடியே விட்டுவைத்து, கிளம்பும்போது கடைசியாகக் குடியுங்கள். கதா என்ற வெள்ளைத் துணியை இரண்டு கையாலும் வாங்குங்கள்.

மடம், ஸ்தூபி, மந்திரக்கல் சுவர் எல்லாவற்றையும் வலம் வருவதுதான் பௌத்த வழக்கம். சுவர் உங்கள் வலப்புறம் இருக்கும்படி நடங்கள். ஆளைப் படமெடுக்குமுன் கேமராவைத் தூக்கிக் காட்டிக் கேளுங்கள். சோதனைச் சாவடி, போலீஸ், ராணுவ வண்டி எதையும் எடுக்காதீர்கள். ட்ரோனைப் பதிவு செய்யாமல் பறக்கவிடவும் கூடாது. தலாய் லாமா படத்தைக் கொண்டுபோவதும், அரசியல் பேச்சைக் கிளறுவதும் உங்களுக்கு ஒரு சுவாரசியம். நீங்கள் விமானம் ஏறியபின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்த வீட்டுக்காரர்.

நாய்கள். பகலில் சங்கிலியில் கிடக்கும் மலைநாய்களை இருட்டியதும் அவிழ்த்துவிடுகிறார்கள். மேய்ப்பர் கூடாரத்தை நெருங்கும்போது தூரத்திலிருந்தே குரல் கொடுங்கள், யாராவது வெளியே வந்து நாயைப் பிடிக்கும் வரை நில்லுங்கள். ஓடாதீர்கள், குனிந்து கல்லெடுக்கிற பாவனையே பெரும்பாலும் போதும். ரேபிஸ் முன்தடுப்பு ஊசியைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே முடித்தால் நிம்மதி. கடித்தால் பதினைந்து நிமிடம் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, அன்றே மாவட்ட மருத்துவமனை. முன்பே ஊசி போட்டவர்களுக்கும் இது உண்டு.

9. சைவக்காரர்களுக்கு

டான்பாவில் பன்றி, மேலே டாகோங்கில் யாக். காய்கறிப் பொரியலிலும் பன்றிக் கொழுப்பு இருக்கும், நூடுல்ஸ் சூப் எலும்பில் கொதித்திருக்கும். 'வோ ச்சி ஸூ' என்றால் நான் சைவம். அதோடு 'பூ யாவ் ரோவ், பூ யாவ் ஜூயோவ்', இறைச்சி வேண்டாம், பன்றிக் கொழுப்பு வேண்டாம். பின்பாதியைச் சொல்லாவிட்டால் இறைச்சித் துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு அதையே தருவார்கள்.

நம்பிச் சாப்பிடக்கூடியவை: வறுத்த பார்லி மாவில் பிசைந்த சம்பா, தயிர், உருளைக்கிழங்கு, முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் தக்காளி முட்டை, டான்பாவின் 'ஷாவ் மோமோ'. இது தணலில் சுட்ட தடித்த ரொட்டி, மேலே சாம்பல் ஒட்டியிருக்கும், உள்ளங்கையால் தட்டிவிட்டுப் பிய்த்தால் உள்ளே ஆவி பறக்கும். கையில் பருப்புப் பொடி இருந்தால் இரண்டு வேளை ஓடும்.

10. காங்டிங் வழியாக டாகோங்

டான்பாவிலிருந்து காங்டிங் ஆற்றோரச் சாலையில் மூன்று, நான்கு மணி நேரம், பங்கு வண்டியில் ஓர் இருக்கை 100 யுவான் அளவில். இரண்டு இரவு இங்கே. பிறகு செடுவோ கணவாய் தாண்டி ஷின்டுசியாவ், ஓர் இரவு. சுற்றியுள்ள மின்யாக் திபெத்தியர்களின் கிராமங்களில் பெரிய கல்வீடுகளை மாலை வெயிலில் நடந்து பாருங்கள். அங்கிருந்து டாகோங் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

டாகோங்கில் குதிரை, கூடாரத் தங்கல், புல்வெளிக்குள் நுழைய என்று ஒவ்வொன்றுக்கும் காசு கேட்பார்கள். தொகை, நேரம், திரும்பக் கொண்டுவந்து விடுவது மூன்றையும் முன்பே பேசுங்கள். மேய்ப்பரின் வேலிக்குள் கதவைத் திறந்து போனால் மூடிவிட்டு வாருங்கள். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை இரவில் உறைநிலைக்குக் கீழே போகும்.

சீனா முழுக்க ஒரே நேரம், நம்மைவிட இரண்டரை மணி முன்னே. இது பெய்ஜிங்குக்கு வெகு மேற்கே என்பதால் குளிர்காலத்தில் எட்டு மணி நெருங்கும்போதுதான் வெளிச்சம். ஆறு மணி வண்டி என்றால் கும்மிருட்டு, டார்ச் வேண்டும், நாய்களும் இன்னும் அவிழ்த்த நிலையில்தான்.

11. செலவுக் கணக்கு

விமானமும் விசாவும் நீங்கலாக, இருவர் ஓர் அறையில் தங்கினால், ஒருவருக்கு ஒன்பது இரவுக்கு: தங்கல் 1,000 யுவான், சாப்பாடு 900, வண்டிகள் 800, நுழைவுச் சீட்டுகள் 100. மொத்தம் 2,800. ஒரு யுவான் 12 முதல் 13 ரூபாய் என்று போட்டால் சுமார் 35,000 ரூபாய். தனியாகப் போனால் தங்கல் இரட்டிப்பாகும், வண்டி பின் சேயாகவே இருந்தால் அந்தச் செலவு ஏறாது. இதற்கு மேல் 1,000 யுவான் தொடாமல் வையுங்கள், நள்ளிரவில் முழு வண்டி பிடித்து இறங்க நேர்ந்தால் அதற்குத்தான் அது.

12. திரும்பும் நாள்

டாகோங்கிலிருந்து ஒரே நாளில் செங்டு வந்து அன்றிரவே விமானம் ஏறத் திட்டமிடாதீர்கள். செடுவோவில் பனி விழுந்தால் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டும் வரை வரிசை நிற்கும். காங்டிங்கில் ஓர் இரவு, மறுநாள் விரைவுச்சாலையில் நான்கைந்து மணி நேரத்தில் செங்டு, சுமார் 130 யுவான். அங்கே இன்னோர் இரவு, அதற்கடுத்த நாள் விமானம். தியான்ஃபு என்றால் மெட்ரோ 18-ஆம் தடம், நகரத்திலிருந்து மூன்றரை மணி நேரம் முன்பே கிளம்புங்கள்.